கல்லூரி நூலகத்தை எண்ணிம முறைமைக்குக் கொண்டுவருதல்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொழும்பில் ஒரு கல்லூரி நூலகத்தைக் கணினிமயப்படுத்தும் பொறுப்பு பெரும்பாலும் மூவரில் ஒருவரிடம் வந்து சேர்கிறது: ஆசிரிய நூலகர், தகவல் தொழினுட்ப ஆசிரியர், அல்லது கணினித் துறையில் பணிபுரியும் பழைய மாணவர். முதலாமவருக்கு நூலகம் தெரியும், கணினி அவ்வளவாகப் பழக்கமில்லை. மற்ற இருவருக்கும் கணினி தெரியும், சேர்வுப் பதிவேட்டை (நூலகத்துக்கு வரும் ஒவ்வொரு நூலுக்கும் சேர்விலக்கம் எனும் வரிசை எண் இட்டு எழுதும் பதிவேட்டை) விரித்துப் பார்த்த பழக்கம் இராது. இந்த மூவரையும் மனத்திற்கொண்டே இவ்வழிகாட்டியை எழுதுகிறேன். வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள, சில ஆயிரம் முதல் இருபதாயிரம் வரையான நூல்களைக் கொண்ட, தமிழ், ஆங்கிலம், சிங்களம் ஆகிய மும்மொழி நூல்களும் அடுத்தடுத்த இறாக்கைகளில் இருக்கின்ற ஒரு கல்லூரி நூலகத்தையே முன்மாதிரியாக எடுத்துக்கொள்கிறேன்.

மென்பொருளைத் தெரிவுசெய்து நிறுவும் வேலை சில நாட்களில் முடிந்துவிடும். நூல் விவரங்களைச் சீராகவும் பிழையின்றியும் உள்ளிடுவதற்கோ மாதக்கணக்கில் காலம் தேவைப்படும். முறைமை நிலைக்குமா, இரண்டு ஆண்டுகளில் கைவிடப்படுமா என்பது அந்த மாதங்களில்தான் தீர்மானமாகிறது. ஆகையால் கணினியைப் பற்றிச் சுருக்கமாகவும், பட்டியலாக்கம், தமிழ் எழுத்து ஆகியவற்றைப் பற்றி விரிவாகவும் இங்கே எழுதியிருக்கிறேன்.

இரண்டு வேலைகளைப் பிரித்துக்கொள்ளுதல்

எண்ணிம நூலகம் என்று கல்லூரிக் கூட்டங்களில் பேசப்படுவதற்குள் இரண்டு வெவ்வேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன. இறாக்கையில் உள்ள அச்சு நூல்களைப் பட்டியலிட்டு, இரவல் கொடுத்து, மீளப் பெற்று, இருப்பைச் சரிபார்ப்பது ஒன்று. கல்லூரிச் சஞ்சிகைகள், பரிசளிப்பு விழா அறிக்கைகள், தவணைப் பரீட்சை வினாத்தாள்கள் போன்றவற்றை வருடி (ஸ்கேன் செய்து), கணினியிலேயே வாசிக்கும்படி வைப்பது மற்றொன்று. முதல் வேலைக்குக் கோஹா போன்ற நூலக முகாமைத்துவ மென்பொருளும், இரண்டாவதற்கு டிஸ்பேஸ் போன்ற ஆவணக் களஞ்சிய மென்பொருளும் பயன்படுகின்றன. இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம் என்பது எனது உறுதியான ஆலோசனை. மாணவர் கேட்கும் நூல் இருக்கிறதா, எந்த இறாக்கையில் இருக்கிறது என்று உடனே சொல்லக்கூடிய நிலையை முதலில் எட்டுங்கள். அது ஒரு தவணையாவது தடங்கலின்றி நடந்த பின்னர் வருடும் வேலைக்குச் செல்லலாம்.

பதிவேட்டைச் சரிபார்த்தல்

கணினியைத் திறப்பதற்கு முன் சேர்வுப் பதிவேட்டுடன் இறாக்கைகளை ஒப்பிட வேண்டும். பதிவேட்டில் இருப்பவை எத்தனை, கையில் இருப்பவை எத்தனை, தொலைந்தவையும் சிதைந்தவையும் எத்தனை என்ற மூன்று எண்ணிக்கைகளையும் எழுதி அதிபரிடம் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள். தொலைந்த நூல்களை வருடாந்தப் பொருட்கணிப்பின் வழியாக முறைப்படி நீக்குவதே சரியான வழி. இறாக்கையில் இல்லாத நூலைப் பதிவேட்டில் இருக்கிறது என்பதற்காகக் கணினியில் ஏற்றினால், முதல் வாரத்திலேயே மாணவர்கள் தேடி ஏமாந்து, பட்டியலை நம்புவதை விட்டுவிடுவார்கள்.

சேர்விலக்கத்தை எக்காரணம் கொண்டும் மாற்ற வேண்டாம். கணக்காய்வுக்கு வரும் அதிகாரி கையில் எடுப்பது பதிவேட்டைத்தான். கணினியில் உள்ள பதிவும் அதே இலக்கத்தைக் கொண்டிருந்தால் ஒப்பீடு எளிதாகும். அந்தச் சேர்விலக்கத்தையே பார்கோடு இலக்கமாகவும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் எல்லாம் ஒரே நீளத்தில் இருக்கும்படி முன்னால் பூச்சியங்களைச் சேர்க்க வேண்டும்: 4217 என்பது 0004217 ஆகும். ஆரம்பப் பிரிவுக்குத் தனிப் பதிவேடு இருந்து அதுவும் 1 இலிருந்து தொடங்கியிருந்தால் ஒரே இலக்கம் இரண்டு நூல்களுக்கு வந்துவிடும். அப்போது பிரிவைக் காட்டும் ஓர் இலக்கத்தை முதலில் இட்டு, ஒன்றை 1004217 என்றும் மற்றதை 2004217 என்றும் பிரித்துக்கொள்ளுங்கள்.

மென்பொருளை நாமே எழுதலாமா?

உயர்தரத் தொழினுட்ப மாணவர்கள் செயற்றிட்டமாக நூலக மென்பொருள் எழுத விரும்புவது நல்ல விடயம். கற்பதற்கு அதைவிடச் சிறந்த பயிற்சி குறைவு. ஆனால் நூலகத்தின் அன்றாட வேலையை அதன்மேல் வைக்கக்கூடாது. எழுதிய மாணவர் பல்கலைக்கழகம் சென்றதும் அதைத் திருத்த ஆளிருக்காது. கோஹா 1999 இல் நியூசிலாந்தில் ஒரு பொது நூலகக் குழுமத்துக்காக எழுதப்பட்டு, 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்த கட்டற்ற மென்பொருள். உரிமக் கட்டணம் இல்லை, உலகெங்கும் பெரிய நூலகங்களும் சிறிய நூலகங்களும் பயன்படுத்துகின்றன, இடைமுகத்தின் மொழிபெயர்ப்பைத் தன்னார்வலர்கள் செய்கிறார்கள், விடுபட்ட சொற்களை நாமும் சேர்க்கலாம். மாணவர்களின் ஆர்வத்தைக் கோஹாவுக்குத் தேவையான அறிக்கைகளை எழுதுவதிலும், பழைய தரவைத் துப்புரவாக்கும் சிறு நிரல்களிலும் திருப்பிவிட்டால் அவர்களுக்கும் பயன், நூலகத்துக்கும் பயன்.

எந்த மென்பொருளைப் பயன்படுத்தினாலும் அதன் தரவு அமைப்பைப் புரிந்துகொண்டே இறங்க வேண்டும். நூல்விவரம், பிரதி, வாசகர், இரவல் ஆகிய நான்கும் தனித்தனி அட்டவணைகள். ஓர் உயர்தர இணைந்த கணித நூல் ஐந்து பிரதிகள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு, ஆசிரியர், பதிப்பு, பாடம் ஆகியவை ஒரே ஒரு நூல்விவரப் பதிவில் இருக்கும். அதனுடன் ஐந்து பிரதிப் பதிவுகள் இணைந்திருக்கும், ஒவ்வொன்றிலும் சேர்விலக்கம், வாங்கிய திகதி, விலை, இறாக்கை, தற்போதைய நிலை ஆகியவை இருக்கும். எக்செல் தாளில் ஐந்து வரிகளாக எழுதிப் பழகியவர்கள் கோஹாவிலும் ஐந்து நூல்விவரப் பதிவுகளை உருவாக்கிவிடுகிறார்கள். அதன்பின் மாணவர் ஒருவர் தேடும்போது ஒரே நூல் ஐந்து முறை வரும், ஒவ்வொன்றிலும் தலைப்பு சற்று வேறுபட்டிருக்கும், ஒரு பிரதியை முன்பதிவு செய்தவர் மற்ற நான்கு பிரதிகளும் இறாக்கையில் இருப்பதை அறியாமல் காத்திருப்பார்.

கணினியும் இடமும்

இந்த அளவு நூலகத்துக்கு விலையுயர்ந்த சேவையகம் தேவையில்லை. 8 ஜி.பி. நினைவகமும் திண்மநிலை வன்தட்டும் கொண்ட சாதாரண மேசைக்கணினியில் டெபியன் அல்லது உபுண்டு இயங்குதளத்தை நிறுவி, கோஹாவின் மென்பொருட் களஞ்சியத்தைச் சேர்த்தால், கோஹாவையும் அதற்குத் தேவையான அப்பாச்சி இணையச் சேவையகத்தையும் மரியாடிபி தரவுத்தளத்தையும் நிறுவிக்கொள்ளலாம். நிறுவும்போது ஒரு தெரிவில் மட்டும் கவனம் தேவை: தேடல் சுட்டியைச் சீப்ரா என்ற தேடல் மென்பொருள் மூலம் அமைப்பதானால், சொற்களைப் பிரிக்கும் முறையாக ஐ.சி.யூ. என்பதைத் தெரிவுசெய்யுங்கள். மற்ற முறை உரோம எழுத்துக்களை மனத்திற்கொண்டு செய்யப்பட்டது. தமிழிலும் சிங்களத்திலும் தேடல் சரியாக அமையாது.

கணினியை வைக்கும் இடத்தையும் யோசிக்க வேண்டும். காலி வீதிக்குக் கடற்பக்கமாக உள்ள கட்டடங்களில் உப்புக்காற்று மின்னணுப் பொருட்களை விரைவில் அரிக்கும்; கடலைப் பார்த்த யன்னலுக்கு அருகில் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் நீர் ஏறும் தாழ்நிலப் பகுதிகளில் மேல்மாடியே பாதுகாப்பானது. மின்தடையின்போது ஒழுங்காக அணைப்பதற்காவது போதிய நேரம் தரும் யூ.பி.எஸ். ஒன்று அவசியம், தரவுத்தளம் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பழுதாவது கணினி மட்டுமன்று, தரவும்தான்.

ஒரு நூலைப் பட்டியலாக்குதல்

நூல்விவரங்களை எழுதுவதற்குப் பன்னாட்டு அளவில் பயன்படும் அமைப்பு மார்க் 21. அதில் நூற்றுக்கணக்கான புலங்கள், அதாவது ஒவ்வொரு விவரத்துக்குமான இலக்கமிட்ட இடங்கள், உண்டு. கல்லூரி நூலகத்துக்குப் பத்துப் பன்னிரண்டு போதும். அவற்றை முன்கூட்டியே தீர்மானித்து, கோஹாவின் உள்ளீட்டுச் சட்டகத்தில் மற்றவற்றை மறைத்துவிடுங்கள். உள்ளிடும் மாணவத் தலைவர்களின் கண்முன் வெற்றுப் பெட்டிகள் குறைவாக இருக்குமளவுக்குப் பிழைகளும் குறையும்.

ஒரு தமிழ் நூலைக் கையில் எடுத்துக்கொள்வோம். அட்டையை மூடி வைத்துவிட்டு உள்ளே உள்ள தலைப்புப் பக்கத்தைத் திறக்க வேண்டும். அட்டையில் உள்ள தலைப்பு அழகுக்காகச் சுருக்கப்பட்டிருக்கலாம், தலைப்புப் பக்கமே ஆதாரம். அதன் பின்பக்கத்தில் ஐ.எஸ்.பி.என். எனும் பன்னாட்டு நியம நூல் எண் இருந்தால் 020 ஆம் புலத்தில் எழுதுங்கள். 978-955 என்றோ 978-624 என்றோ தொடங்கினால் அது இலங்கையில் பதிவான எண். கொழும்பில் உள்ள தேசிய நூலகம் அவற்றை வழங்குகிறது. பழைய நூல்களில் எண் இராது, அந்தப் புலத்தை வெறுமையாக விடுங்கள், சேர்விலக்கத்தை அதில் போட வேண்டாம். ஆசிரியர் பெயர் 100 இலும், தலைப்பு 245 இலும், பதிப்பு 250 இலும், வெளியீட்டு விவரம் 264 இலும், பக்க எண்ணிக்கை 300 இலும், பாடத்தலைப்பு 650 இலும் வரும். தமிழ்த் தலைப்பின் ஆங்கில எழுத்து வடிவத்தை 246 இல் சேர்த்துவிட்டால், தமிழில் தட்டச்சிடத் தெரியாத மாணவரும் நூலைக் கண்டுபிடிப்பார்.

நூலின் பொருளைக் காட்டும் வகுப்பெண்ணுக்கு, 1876 இல் அறிமுகமான தூயி தசமப் பகுப்பே எங்கள் நூலகங்களில் பழக்கமானது. தமிழ் மொழிக்கு 494.811, தமிழ் இலக்கியத்துக்கு 894.811, அதில் கவிதைக்கு 894.8111, புனைகதைக்கு 894.8113, சிங்கள இலக்கியத்துக்கு 891.48, இலங்கை வரலாற்றுக்கு 954.93, இந்து சமயத்துக்கு 294.5. இவ்வாறு அடிக்கடி தேவைப்படும் முப்பது நாற்பது எண்களை ஓர் அட்டையில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவைத்தால் உள்ளிடும் வேகம் பெருமளவு கூடும். பகுப்பாக்கத்தில் பயிற்சி பெற விரும்பும் ஆசிரிய நூலகர்களுக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவகம் இருக்கிறது.

ஆங்கில நூல்களுக்கு எல்லாவற்றையும் தட்டச்சிட வேண்டியதில்லை. கோஹாவின் இசட் 39.50 தேடலில் ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கொடுத்தால், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் போன்ற பெரிய நூலகங்களின் பதிவை அப்படியே இறக்கிக்கொள்ளலாம். அங்கே தமிழ் நூல்களும் ஏராளமாக உண்டு, எனினும் அவற்றின் பதிவுகள் பெரும்பாலும் உரோம எழுத்தில்தான் இருக்கும். இறக்கிய பின்னர் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் தமிழில் எழுதிச் சேமிக்க வேண்டும். நூல்கள் ஏற்கெனவே எக்செல் தாளில் இருந்தால், மார்க்எடிட் என்ற இலவச மென்பொருள் அதை மார்க் பதிவுகளாக மாற்றித்தரும்.

தமிழ்ப் பெயர்களின் சிக்கலை இங்கேயே தீர்த்துவிட வேண்டும். எங்கள் பெயரில் குடும்பப்பெயர் இல்லை, தலைப்பெழுத்து தந்தையுடையது. ஆகவே தமிழ் ஆசிரியரின் சொந்தப் பெயரை முதலில் எழுதி, தந்தையின் பெயரைப் பின்னால் இடுவதே பட்டியலாக்க மரபு: சிவத்தம்பி, கார்த்திகேசு. ஆனால் ஒரே ஆசிரியரின் பெயர் நூலுக்கு நூல் மாறும். விபுலாநந்தர் என்று ஒரு பதிப்பில் இருக்கும், விபுலானந்தர் என்று இன்னொன்றில் இருக்கும், சுவாமி விபுலாநந்தர் என்று மூன்றாவதில் இருக்கும். கோஹாவில் ஆசிரியர் பெயருக்கு ஓர் அதிகாரப் பதிவு உருவாக்கி, ஏற்றுக்கொண்ட வடிவம் ஒன்றையும் மற்ற வடிவங்களை அதற்குக் கீழும் எழுதிவையுங்கள். அந்த வடிவங்களையும் தேடலில் சேர்க்கும் அமைப்பைக் கோஹாவில் இயக்கிவிட்டால், மாணவர் எந்த வடிவத்தில் தேடினாலும் எல்லா நூல்களும் ஒன்றாக வரும். தொடக்கத்தில் ஐம்பது ஆசிரியர்களுக்கு இதைச் செய்தாலே நூலகத்தின் தமிழ் நூல்களில் பெரும்பகுதி ஒழுங்குக்கு வந்துவிடும்.

தமிழ் எழுத்துக்களைச் சீராக்குதல்

இந்தப் பகுதியைத் தகவல் தொழினுட்ப ஆசிரியர்கள் தவறாமல் வாசிக்க வேண்டும். தமிழ் நூலகப் பட்டியல்களில் தேடல் பொய்த்துப்போவதற்கான முதன்மையான காரணம் இங்கேதான் இருக்கிறது.

எங்கள் கல்லூரிகளில் பல ஆண்டுகளாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டு வந்தார்கள். அத்தகைய கோப்பில் கணினி சேமித்திருப்பது ஆங்கில எழுத்துக்களையும் நிறுத்தக்குறிகளையும்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. ஆகவே பழைய பட்டியலை முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். இணையத்தில் கிடைக்கும் மாற்றிகள் இதைச் செய்யும், ஆனால் ஒரே நெடுவரிசையில் ஆங்கிலத் தலைப்புகளும் கலந்திருந்தால் அவற்றையும் தமிழெனக் கருதி உருக்குலைத்துவிடும். ஆங்கில நூல்களின் வரிகளைத் தனித்தாளுக்கு நகர்த்திய பின்னரே மாற்றியை இயக்குங்கள்.

மாற்றிய பின்னரும் கண்ணுக்குத் தெரியாத பிழைகள் மிஞ்சும். பாமினியில் கால் குறியும் (ா) ரகரத்தின் உருவமும் ஒத்திருந்ததால், ரகரம் வரவேண்டிய இடத்தில் காலை அழுத்திவிடும் பழக்கம் தட்டச்சாளர்களிடம் இருந்தது. அதன் விளைவாக “ஆசிரியர்” என்ற சொல் “ஆசிாியா்” என்று சேமிக்கப்பட்டிருக்கும். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள், ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. காலுக்குப் பின்னால் விசிறியோ (ி) சுழிவிசிறியோ (ீ) புள்ளியோ வருவது தமிழில் எங்குமே சரியான எழுத்தாகாது என்பதால், அந்தச் சேர்க்கை வருமிடமெல்லாம் காலை ரகரமாக மாற்றும்படி ஒரு சிறு நிரல் எழுதி, தயங்காமல் முழுக் கோப்பிலும் இயக்கலாம்.

ஔகாரத்தில் அவ்வாறு செய்ய முடியாது. “மௌனம்” என்பதை “மெளனம்” என்று, அதாவது எகர உயிர்மெய்யும் ளகரமுமாக எழுதிவிடுகிறார்கள். “ஔவையார்” என்பதும் “ஒளவையார்” ஆகிவிடுகிறது. இதைத் திருத்தப்போய் எல்லா இடத்திலும் மாற்றினால் “வெள்ளவத்தை” சிதையும், “ஒளி” சிதையும். ஆகவே இவ்வாறான சொற்களைப் பட்டியலாக எடுத்து, கண்ணால் பார்த்து ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். ஸ்ரீ என்ற எழுத்துக்கும் யூனிகோடில் இரண்டு வகையான சேர்க்கைகள் உண்டு. ஒரே தோற்றம், வெவ்வேறு குறியீடுகள். நூலகத்துக்கு ஒன்றைத் தெரிவுசெய்து மற்றதை அதற்கு மாற்றுங்கள். ஒகரக் குறிகளை ஒரே குறியாகச் சேமிப்பதும் ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகச் சேமிப்பதும் இன்னொரு வேறுபாடு, யூனிகோடின் என்.எஃப்.சி. நியமவடிவத்துக்கு மாற்றினால் அது தானாகத் தீரும். இனிமேல் உள்ளிடுவோர் ரெங்கநாதன் விசைப்பலகையைப் பயன்படுத்தினாலும் ஒலியியல் முறையைப் பயன்படுத்தினாலும் கவலையில்லை, யூனிகோடாக இருந்தாற் போதும்.

எழுத்துச் சீரானாலும் சொற்கள் உருபேற்றும் புணர்ந்தும் மாறும் சிக்கல் நிற்கும். “வரலாறு” என்று தேடும் மாணவருக்கு “வரலாற்றில்” என்ற தலைப்பு கிடைக்காது; “இலங்கை” என்று தேடினால் “இலங்கைத் தமிழர்” வராமற்போகலாம். சொல்லின் முதற்பகுதியைக் கொண்டு தேடும் தானியங்கி அமைப்பைக் கோஹாவில் இயக்கினால் இரண்டாவது தீரும். முதலாவதற்கு 650 ஆம் புலத்தில் வேர்ச்சொல்லைப் பாடத்தலைப்பாக இடுவதே வழி: வரலாறு, புவியியல், இரசாயனவியல். ஒரே பாடத்துக்கு ஒருவர் “வேதியியல்” என்றும் இன்னொருவர் “இரசாயனவியல்” என்றும் எழுதாமலிருக்கப் பாடத்தலைப்புகளையும் பட்டியலிலிருந்து தெரிவுசெய்யும்படி வைத்துவிடுங்கள். எங்கள் மாணவர்கள் பாடநூலில் காணும் சொல்லே தலைப்பாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பார்கோடும் இரவலும்

பார்கோடு வாசிப்பான் உண்மையில் ஒரு விசைப்பலகை போன்றே இயங்குகிறது: கோடுகளை வாசித்து, இலக்கங்களைத் தட்டச்சிட்டு, இறுதியில் எண்டர் விசையை அழுத்துகிறது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா போன்ற கணினிக் கடைத்தொகுதிகளில் வாங்கும்போது அங்கேயே ஒரு மடிக்கணினியில் வெற்றுக் கோப்பைத் திறந்து, நீங்கள் அச்சிட்டுக் கொண்டுபோன ஒட்டியை வாசித்துப் பாருங்கள். இலக்கம் முழுமையாக வந்து அடுத்த வரிக்குப் போனால் அது பொருத்தமானது. ஒட்டிகளைக் கோடு 39 அல்லது கோடு 128 முறையில் அச்சிடலாம். கொழும்பின் ஈரப்பதனில் சாதாரணப் பசை சில மாதங்களில் இளகிவிடும், எனவே ஒவ்வோர் ஒட்டியின்மேலும் தெளிவான ஒட்டுநாடா இட்டு மூடுங்கள், அதே இலக்கத்தைத் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் கையாலும் எழுதிவையுங்கள்.

மாணவர்களின் விவரங்களைத் தனித்தனியே உள்ளிட வேண்டாம். அலுவலகத்திலுள்ள பெயர்ப்பட்டியலை ஒரே கோப்பாக ஏற்றலாம். உறுப்பினர் அட்டை இலக்கமாக மாணவரின் கல்லூரி அனுமதி இலக்கத்தைப் பயன்படுத்துங்கள். வகுப்பும் பிரிவும் ஆண்டுதோறும் மாறும், அனுமதி இலக்கம் மாறாது.

எந்த வகை வாசகர், எந்த வகை நூலை, எத்தனை நாட்கள், எத்தனை நூல்கள் என்பவற்றைக் கோஹாவின் இரவல் விதிகளில் ஓர் அட்டவணையாகக் கொடுக்க வேண்டும். உசாத்துணைப் பகுதி நூல்களை இரவலுக்கு உரியவை அல்ல என்று குறியுங்கள். தண்டப்பணத்தைப் பற்றி என் கருத்து வேறு: சிறுவர்களிடம் பணம் வாங்குவதால் நூல் திரும்பி வருவதைவிட மாணவர் நூலகத்துக்கு வராமல் நிற்பதே கூடுதலாக நடக்கிறது. தாமதமான நூலைத் திருப்பித் தரும்வரை புதிய நூல் இல்லை என்ற விதியை அமைத்துவிட்டால், கோஹா அதைத் தானாகவே நடைமுறைப்படுத்தும். பாடசாலைக்கு அதுவே போதுமானது.

விடுமுறை நாட்காட்டியை நிரப்ப மறக்காதீர்கள். போயா தினங்கள் சந்திரனைப் பொறுத்தவை என்பதால் ஆண்டுதோறும் மாறும். அவற்றையும் தைப்பொங்கல், தீபாவளி, தவணை விடுமுறைகளையும் ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் உள்ளிட்டால், திருப்பித்தரும் திகதி பூட்டிய நூலகத்தின் வாசலில் போய் நிற்காது.

இடைவேளை மணி அடித்தவுடன் மேசைக்கு முன்னால் என்ன நடக்கிறது என்பதைக் கற்பனை செய்து திட்டமிடுங்கள். தரம் ஏழு மாணவர்கள் இருபது பேர் ஒரே நேரத்தில் வருவார்கள். சிலர் நூலைத் திருப்பித் தருவார்கள், சிலர் புதிதாக எடுப்பார்கள், ஒருவர் அட்டையை வீட்டில் விட்டுவிட்டு வந்திருப்பார். மீளப்பெறுவதற்கு ஒரு கணினி, கொடுப்பதற்கு ஒரு கணினி என்று இரண்டு வைத்தால் வரிசை நகரும். எல்லா வகுப்புகளினதும் அட்டை இலக்கங்களைப் பார்கோடுடன் அச்சிட்டு ஒரு கோப்பில் மேசையில் வைத்தால், அட்டை மறந்த மாணவரும் வெறுங்கையோடு திரும்பமாட்டார். மின்சாரம் இல்லாத நேரத்துக்கு ஒரு கொப்பியும் இருக்கட்டும்: நேரம், அட்டை இலக்கம், நூலின் இலக்கம் என்ற மூன்றையும் எழுதி, மின்சாரம் வந்ததும் உள்ளிட வேண்டும்.

எல்லா நூல்களும் ஏறிய பின்புதான் தொடங்க வேண்டும் என்றில்லை. 10,000 நூல்களை நாளொன்றுக்கு 50 நூல்கள் என்ற கணக்கில் உள்ளிட்டால் 200 வேலைநாட்கள் ஆகும், ஏறத்தாழ ஒரு கல்வியாண்டு. மாணவர் திருப்பித்தரும் நூலை அன்றே உள்ளிட்டு, ஒட்டியிட்டு, பின்னர் இறாக்கையில் வையுங்கள். அடிக்கடி வாசிக்கப்படும் நூல்கள் இவ்வாறு சில மாதங்களில் தாமாகவே கணினிக்கு வந்துவிடும்; யாரும் தொடாத நூல்களைத் தவணை விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம்.

வருடிய ஆவணங்கள்

இரண்டாம் கட்டத்துக்கு வரும்போது, உங்களிடம் மட்டுமே உள்ளவற்றிலிருந்து தொடங்குங்கள்: கல்லூரிச் சஞ்சிகைகள், ஆண்டறிக்கைகள், விழா மலர்கள். அரசாங்கப் பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களமே இணையத்தில் தருகிறது. அவற்றை மீண்டும் வருட வேண்டியதில்லை, கோஹாப் பதிவின் 856 ஆம் புலத்தில் இணைப்பைக் கொடுத்தாற் போதும். ஈழத்துத் தமிழ் நூல்களுக்கு 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் இணையத்தளத்தை முதலில் பாருங்கள். அங்கே இருப்பதற்கு இணைப்புக் கொடுக்கலாம், இல்லாத உங்கள் சஞ்சிகையை அவர்களுக்கும் வழங்கலாம்.

இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பதிப்புரிமை ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் நீடிக்கிறது. கடையில் விற்பனையாகும் வழிகாட்டி நூல்களை வருடி இணையத்தில் இடுவது அந்த எழுத்தாளரின் உழைப்பை எடுத்துக்கொள்வதாகும், அதைச் செய்யாதீர்கள்.

வருடும்போது சாதாரண அச்சுக்கு 300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), சிறிய எழுத்துக்கும் மங்கிய தாளுக்கும் 400 போதும். மூலப் படிமத்தை டிஃப் வடிவிலும் வாசிப்பதற்கான பிரதியைப் பி.டி.எஃப். வடிவிலும் வையுங்கள். டெசரக்ட் என்ற கட்டற்ற மென்பொருள் தமிழையும் சிங்களத்தையும் எழுத்துணர்ந்து உரையாக்கும். பழைய ஈய அச்சில் பிழைகள் வரும், எனினும் தேடலுக்கு அந்த உரை பெரிதும் உதவும்.

தனியுரிமையும் காப்புப் பிரதியும்

யார் எந்த நூலை வாசித்தார் என்பது மாணவரின் சொந்த விடயம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனத்திற்கொண்டு, தேவையான விவரங்களை மட்டும் சேகரியுங்கள்; நூல் திரும்பி வந்து சில காலம் சென்ற இரவல் பதிவுகளிலிருந்து வாசகர் பெயரை நீக்கும் வசதி கோஹாவில் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும், வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் சேர்ந்து அழிந்தன. எங்கள் சமூகத்துக்கு ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. கோஹா ஒவ்வோர் இரவும் தரவுத்தளத்தின் பிரதி ஒன்றைத் தானாக எடுக்கிறது, ஆனால் அதை அதே கணினியிலேயே வைக்கிறது, சில நாட்களில் பழையதை அழித்தும் விடுகிறது. ஆகவே நாள்தோறும் அந்தக் கோப்பு ஒரு வெளி வன்தட்டுக்கும், கல்லூரிக்கு வெளியே ஒரு மேகச் சேமிப்பகத்துக்கும் செல்லும்படி அமையுங்கள். தவணைக்கு ஒருமுறை வேறொரு கணினியில் அந்தப் பிரதியைக் கொண்டு முழு முறைமையையும் மீள நிறுவிப் பார்க்க வேண்டும். மீளக் கொண்டுவந்து பார்க்காத பிரதியை இருக்கிறது என்று கணக்கில் எடுக்காதீர்கள்.

பொறுப்பைக் கையளித்தல்

ஆசிரியர்களுக்கு இடமாற்றம் வரும், பழைய மாணவர்கள் வெளிநாடு செல்வார்கள். எனவே முழு அதிகாரமுள்ள கணக்குகள் எப்போதும் இருவரிடம் இருக்க வேண்டும். சேவையகத்தின் கடவுச்சொல், காப்புப் பிரதி இருக்கும் இடம், நிறுவியபோது செய்த தெரிவுகள், பாடத்தலைப்புப் பட்டியல், ஆசிரியர் பெயர் எழுதும் விதிகள் ஆகியவற்றை அச்சிட்டு, முத்திரையிட்ட உறையில் அதிபரின் அலுமாரியில் வையுங்கள். எதையேனும் மாற்றும்போதெல்லாம் அந்த உறையையும் புதுப்பித்து, திகதியிட்டு, இருவரும் கையொப்பமிடுங்கள். ஆண்டிறுதிப் பொருட்கணிப்பின்போது வாசிப்பானை ஒரு மடிக்கணினியுடன் இணைத்து இறாக்கை இறாக்கையாக இலக்கங்களை வாசித்து, அந்தக் கோப்பைக் கோஹாவின் இருப்பெடுப்புப் பகுதியில் ஏற்றினால், காணாமற்போனவற்றின் பட்டியலும் இடம்மாறி நிற்பவற்றின் பட்டியலும் உடனே கிடைக்கும். அந்தப் பட்டியலையும் அதே உறைக்குள் வைத்துவிட்டால், அடுத்து வருபவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை முதல் நாளிலேயே அறிந்துகொள்வார்.